சொந்தக் கையால் வண்டியைக் கழற்றிப் பார்க்காதவர் மலைப்பாதைக்கு வரலாமா?

மெட்டுக்காற்று (கம்பம்)

எங்க கூட்டத்துல ஒரு விதி கொண்டுவரலாம்னு இருக்கேன். எதிர்ப்பு இருந்தா இங்கேயே சொல்லுங்க, பேசித் தீர்த்துக்கலாம்.

போன ஞாயிறு ஆறு பேர் கம்பம் மெட்டு ஏறி நெடுங்கண்டம் பக்கம் போனோம். தெரிஞ்சவர் ஒருத்தரோட ஏலத்தோட்டத்துக்குள்ள நாலு கிலோமீட்டர் மண் பாதை. முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். காலையில வெறும் சாரல்தான், பதினோரு மணிக்கு மேல மழை பிடிச்சுக்கிச்சு. பாறையும் செம்மண்ணும் கலந்த ஒரு ஏத்தத்துல எனக்கு முன்னாடி போன வண்டியில 'டக்'னு ஒரு சத்தம். இன்ஜின் அலறுது, சக்கரம் சுத்தல. செயினோட ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற லாக் கழன்று எங்கேயோ சேத்துல விழுந்துருச்சு, செயின் பாம்பு மாதிரி பின்னாடி கிடக்கு. வண்டி சரிய ஆரம்பிச்சதும் ரெண்டு பேர் ஓடிப்போய்ப் பிடிச்சு நிறுத்தினோம்.

அங்கிருந்து ரெண்டரை மணி நேரம் போச்சு. ஆறு பேர்ல ஒருத்தர்கிட்டயும் மாத்து லாக் இல்லை. பின்சக்கர நட்டுக்கு என்ன ஸ்பேனர் வேணும்னு நாலு பேருக்குத் தெரியாது. ஒருத்தர் நெடுங்கண்டம் போய்த் திறந்திருக்கிற கடையைத் தேடி லாக் வாங்கிட்டு வர்ற வரைக்கும் மத்தவங்க மழையில நின்னு கால்ல ஏறின அட்டையைப் பிடுங்கிக்கிட்டு இருந்தோம். அந்த வண்டி மூணு நாளைக்கு முன்னாடிதான் சர்வீஸ்ல இருந்து வந்தது. பில்லுல 'செயின் செட் புதுசு'ன்னு எழுதியிருக்கு.

அதனால விதி இதுதான். அடுத்த பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் என் ஷெட்டுக்கு வரணும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுறது, செயின் தளர்வு பார்க்கிறது, பிளக் கழற்றுறது, பிரேக் கட்டை பார்க்கிறது. இத்தனையும் சொந்தக் கையால செய்யணும். செய்ய முடியாதவங்க தார் ரோட்டுல சுத்தி வந்து டீக்கடையில சேர்ந்துக்கலாம். மண் பாதைக்கு வேணாம்.

பதினேழாம் வளைவு (போடி)

தம்பி, நான் இருபது வருசமா பட்டறை வச்சிருக்கேன். உங்க கோபம் நியாயம். விதிதான் தப்பு.

என் பட்டறைக்கு வர்ற வேலையில கணிசமானது, வீட்டுல கழற்றித் திருப்பி மாட்டத் தெரியாம வர்ற வேலை. அதுல முதல் இடம் இன்ஜின் அடியில, பழைய ஆயிலை இறக்கக் கழற்றுற டிரைன் போல்ட்டுக்கு. கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. ஆயில் ஒழுகிடுமோன்னு பயந்து ஸ்பேனர் பிடியில ஒரு பைப்பைச் சொருகி ஓங்கி இறுக்குவாங்க. தேயறது போல்ட் இல்ல, கூட்டோட மரை. அடுத்த தடவை கழற்றும்போது அலுமினியம் சுருள் சுருளா போல்ட்டோட சேர்ந்து வரும். அதை ஒத்துக்க மனசு இல்லாம வெள்ளை டேப் சுத்தித் திருப்பி மாட்டுவாங்க.

அப்படி ஒரு வண்டி போடி மெட்டு ஏறிச்சு. எட்டாவது ஒன்பதாவது வளைவுகிட்ட போல்ட் விழுந்து மொத்த ஆயிலும் ரோட்டுல. இன்ஜின் பிடிச்சு நின்னது அவனோட நஷ்டம். அந்த ஆயில் மேல பின்னாடி ரெண்டு பேரோட வந்த ஒரு குடும்பஸ்தன் சறுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிப்போச்சு. அவர் யார் வண்டியையும் கழற்றல.

சனிக்கிழமை ராத்திரி முதல் தடவையா ஸ்பேனர் பிடிச்ச ஆறு பேரை ஞாயித்துக்கிழமை மலையில இறக்கிவிட்டா, போன வாரம் ஒரு வண்டிதான் நின்னது, அடுத்த வாரம் மூணு நிக்கும். எனக்கு அதுதான் பயம்.

பன்னீர்த் திராட்சை (உத்தமபாளையம்)

நான் மெட்டுக்காற்று பக்கம். ஹிமாலயன் 411 வச்சிருக்கேன். வாங்கி ஆறு வருசம், மூணாவது வருசத்துக்கு அப்புறம் கடைக்கு விடவே இல்ல. ஆயில், ஃபில்டர், செயின், கிளட்ச் கேபிள், பிரேக் ஆயில் எல்லாம் நானே. தப்பு பண்ணாம யாரும் கத்துக்கிட்டது கிடையாது. அண்ணே, நீங்களும் முதல் மரையைத் தேய்ச்சுத்தானே கத்துக்கிட்டிருப்பீங்க?

பதினேழாம் வளைவு (போடி)

தேய்ச்சேன். பட்டறையில, முதலாளி பக்கத்துல நின்னப்போ. அவர் அன்னிக்கே புது மரை வெட்டிக் கொடுத்தார். மலையில தேய்க்கல.

ஏலக்காட்டு வழி (உடும்பஞ்சோலை)

நான் ஏலத்தோட்டத்துல மேஸ்திரி. சொந்த ஊர் தேவாரம். பதினாலு வருசமா ஸ்ப்ளெண்டர்ல இந்த மண் பாதையில வேலைக்குப் போறேன். நீங்க ஞாயித்துக்கிழமை தேடி வர்ற பாதை எங்களுக்குத் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் உண்டு.

முதல்ல விதியைப் பத்தி. எங்க தோட்டத்துல வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் பஞ்சர் ஒட்டத் தெரியும், பிளக் துடைக்கத் தெரியும், கேபிள் மாத்தத் தெரியும். ஆசைப்பட்டுக் கத்துக்கல. பட்டறைக்குப் போகணும்னா அரை நாள் கூலி போயிடும். எங்ககிட்டயும் ஒரு பழக்கம் உண்டு. புதுசா வண்டி வாங்கினவனைத் தனியா விடமாட்டோம், முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போவோம். தெரியாதவனை 'நீ தார் ரோட்டுல வா'ன்னு சொன்னா அவன் எப்பக் கத்துக்குவான்?

இனி நீங்க யாரும் பேசாத விஷயம். மழையில ஏலத்தோட்டப் பாதையில ஆறு வண்டி ஏறினா என்ன ஆகும்னு அடுத்த நாள் வந்து பாருங்க. கட்டை போட்ட டயர், பின்சக்கரம் நின்ன இடத்திலேயே சுத்துது, நாலு விரல் ஆழத்துக்கு ஒரு கோடு விழுது. ராத்திரி மழை அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு இறங்கும். காலையில அது வாய்க்கால். போடியில இருந்தும் தேவாரத்துல இருந்தும் கம்பத்துல இருந்தும் இருட்டோட கிளம்பி வர்ற ஜீப்புல பன்னெண்டு பதினஞ்சு பெண்கள் இருப்பாங்க. அந்த ஜீப் சக்கரம் அதுல இறங்கிச்சுன்னா அவங்கதான் இறங்கித் தள்ளணும். மேல ஒரு ஹோஸ் குறுக்கே கிடக்கும், ஏலச்செடிக்குத் தண்ணி போற குழாய். இலைச்சருகு மூடியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. ரெண்டு தடவை நானே வெட்டி ஒட்டியிருக்கேன்.

செயின் அறுந்தது உங்க ஆறு பேருக்கு ரெண்டரை மணி நேரம். அந்த ஏத்தத்தைத் திரும்ப மண் போட்டு மூட எங்க ஆளுங்களுக்கு ஒரு நாள்.

மெட்டுக்காற்று (கம்பம்)

அண்ணே, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எழுத முடியல. அந்த ஏத்தத்துல நாங்க வண்டியை வெளியே எடுக்க ஆறேழு தடவை முறுக்கினோம். கோடு விழுந்ததைப் பார்த்தேன். தோட்டக்காரர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டே டீ கொடுத்தார். அவர்கிட்ட இன்னிக்கே பேசுறேன். பாதையைச் சரிபண்ண ஆள் வேணும்னா நாங்க ஆறு பேரும் மண்வெட்டியோட வர்றோம். மழை பெய்யற மாசத்துல தோட்டப் பாதைக்குள்ள ஏறுறதில்லைன்னு முடிவு பண்ணிக்கலாம், எனக்குச் சம்மதம்.

ஆனா விதியை நான் விடல. வண்டி நல்லா இருந்திருந்தா அந்த இடத்துல ஒரே மூச்சுல ஏறியிருப்போம், ஆறு தடவை முறுக்க வேண்டி வந்திருக்காது. பாதை கெட்டதுக்கும் செயின் தளர்ந்து கிடந்ததுதான் காரணம்.

குமுளிச் சாரல் (குமுளி)

அந்த வண்டி என்னுடையது. என் பெயரைச் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி, அண்ணா. ஆனால் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்று, செயின் தளர்ந்து கிடக்கவில்லை. இறுக்கமாக இருந்தது. கடையிலிருந்து எடுத்து வந்த அன்றே, வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னேன். "புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். செயினை விரலால் தூக்கிக் காட்டி, "இவ்வளவு டைட்டாக இருக்கலாமா?" என்று கேட்டேன். "வீட்டில் அண்ணன் யாராவது இருந்தால் அனுப்புங்கள், அவரிடம் சொல்கிறோம்" என்றார் அங்கிருந்தவர். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் விதி. உங்களுக்கு ஷெட் இருக்கிறது, சிமெண்ட் தரை இருக்கிறது, சுவரில் ஸ்பேனர் மாட்ட ஆணி இருக்கிறது. நான் குமுளியில் மசாலாக் கடையில் வேலை செய்கிறேன். மாடியில் ஒற்றை அறை. வண்டி தெருவில் நிற்கிறது. வாசலில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் கடையை அடைக்கிறோம். 'வீட்டிலேயே வண்டி பார்த்துக்கொள்வது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முதலில் வீடு வேண்டும்.

கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ளும் வரை டீக்கடையில் நில் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு மலை.

பதினேழாம் வளைவு (போடி)

தங்கச்சி, நீ சொன்ன அந்த முனகல்தான் இந்த விவாதத்துக்கே விடை. உன் காது சரியாத்தான் கேட்டிருக்கு.

எல்லாரும் கொஞ்சம் கவனமாப் படிங்க, இது நிறைய பட்டறையிலேயே தப்பா நடக்குது. பின்சக்கரம் மேலயும் கீழயும் போகும்போது அதைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம்ங்கிற கை ஒரு புள்ளியில இருந்து ஆடுது. செயின் ஓடுற முன்பக்கப் பல்சக்கரம், அதான் முன் ஸ்ப்ராக்கெட், அந்தப் புள்ளியில இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கு. அதனால சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் (பின்சக்கர அச்சு) நடுவுல தூரம் மாறிக்கிட்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட் நடு, ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில், இந்த மூணும் ஒரே கோட்டுல வர்ற நேரத்துலதான் அந்தத் தூரம் அதிகம். அப்பத்தான் செயின் ரொம்ப இறுகும்.

ஸ்ப்ளெண்டர்ல பின்பக்கம் அமுங்கறது கம்மி, அதனால வித்தியாசம் பெருசாத் தெரியாது. எக்ஸ்பல்ஸ் 200-ல பின்சக்கரம் 170 மில்லிமீட்டர் ஆடும், ஹிமாலயன் 411-ல 180. ஆள் உட்காராம சைடு ஸ்டாண்டுல நிக்கும்போது ஸ்ப்ளெண்டர் கணக்குல இறுக்கினா, வண்டி பாறையில இறங்கி அமுங்கினதும் செயினுக்குத் தளர்வே மிஞ்சாது. எல்லா இழுப்பும் கியர்பாக்ஸ் பேரிங்குலயும் செயின் லாக்குலயும் விழும். ஏத்தத்துல, முழு முறுக்குல, லாக் தெறிக்கும். புது செயின்தான், ஆனா தெறிக்கும்.

நான் செய்யற முறை இது. ரெண்டு பேரை வண்டி மேல உட்கார வச்சோ, கயிறு போட்டு இழுத்துக் கட்டியோ அந்த மூணு புள்ளியையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவருவேன். அந்த இடத்துல செயினை விரலால தூக்கினா லேசா ஒரு ஆட்டம் இருக்கணும். அதை வச்சுக்கிட்டு, ஆள் இறங்கினதும் எவ்வளவு தொங்குதுன்னு பார்த்து மனசுல வச்சுக்குவேன். பார்க்கிறவங்களுக்கு 'என்ன இது தொளதொளன்னு இருக்கு'ன்னு தோணும். தோணட்டும்.

அப்புறம் அந்த லாக். அதோட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும், பிளந்த முனை பின்னாடி. திருப்பி மாட்டினா ஒரு குச்சி பட்டாலே கழன்றுடும். அது எப்படி மாட்டியிருந்ததுன்னு இப்பச் சொல்ல முடியாது, சேத்துல போயிருச்சு.

கடைக்காரங்க பண்ணினது தப்பு. கேள்வி கேட்ட பொண்ணுகிட்ட அண்ணனைக் கூட்டிட்டு வான்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. எங்க தொழில்ல இருக்கிறவன்ங்கிற முறையில எனக்கு வெட்கமா இருக்கு.

பன்னீர்த் திராட்சை (உத்தமபாளையம்)

அண்ணே, நீங்களே எங்க பக்கம் வந்துட்டீங்க. பட்டறையே தப்பா இறுக்கும்னா ஓட்டறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்தானே? அதைத்தான் முதல்ல இருந்து சொல்றோம்.

பதினேழாம் வளைவு (போடி)

தெரிஞ்சிருக்கணும். அதை நான் மறுக்கவே இல்ல. தெரிஞ்சுக்கிறது வேற, கழற்றுறது வேற. தங்கச்சி ஒரு நட்டைக்கூடத் தொடல, ஆனா தப்பைச் சரியாக் கண்டுபிடிச்சுது. நீங்க பிரேக் ஆயிலை நீங்களே மாத்துறேன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு கேக்குறேன். பாட்டில் எப்ப திறந்தது?

பன்னீர்த் திராட்சை (உத்தமபாளையம்)

போன வருசம். மூடி இறுக்கமாத்தான் இருக்கு. பாதி மிச்சம், அதை இந்தத் தடவைக்கு வச்சிருக்கேன்.

பதினேழாம் வளைவு (போடி)

அதைக் கீழே வச்சிடுங்க தம்பி. ஊத்தாதீங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. தண்ணி சேர்ந்தா அந்தத் தரத்துக்கு வச்சிருக்கிற கீழ்வரம்பு 155 டிகிரிதான். குமுளியில இருந்து லோயர் கேம்புக்கு இறங்குறீங்க, பின்னாடி ஆள், பக்கத்துல பை, பின்பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றீங்க. டிஸ்க் சூடு, கட்டையைப் பிடிச்சிருக்கிற காலிபருக்கு ஏறும், உள்ள ஆயில் கொதிச்சு ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, அதனாலதான் அது பிரேக்கைத் தள்ளுது. ஆவி அமுங்கிடும். மிதி வெறுமனே இறங்கும். அந்த நேரம் எதிர்ல ஒரு ஐயப்பன் சீசன் பஸ் வளைவு திரும்பினா யார் பொறுப்பு?

ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், மாத்தற அன்னிக்குப் புதுப் பாட்டில் திறக்கணும், பிரேக் ஆயில் டப்பா வத்திப்போகாமப் பார்த்துக்கிட்டுத்தான் குழாய்க்குள்ள இருக்கிற காத்தை எடுக்கணும். வத்தினா உள்ள காத்து போயிடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இதெல்லாம் வீட்டுல செய்ய முடியாத வேலைன்னு சொல்லல. முதல் நாலு தடவை தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்காம செய்யக் கூடாத வேலைன்னு சொல்றேன். ஆயில் மாத்தறதுல தப்பு பண்ணினா இன்ஜின் போகும். பிரேக்குல தப்பு பண்ணினா ஆள் போகும்.

பன்னீர்த் திராட்சை (உத்தமபாளையம்)

பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன். நாளைக்குப் புதுசு வாங்குறேன். போன வருசம் ஊத்தினது அப்பத் திறந்த புதுப் பாட்டில்ல இருந்துதான், அது சரியா இருக்கும்னு நம்புறேன். ஆனாலும் ஒரு கருத்துல மாறல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மலையில, போன் சிக்னல் இல்லாத இடத்துல, எந்தப் பட்டறையும் வராது. அந்த நேரத்துக்குக் கை பழகியிருக்கணும்.

காட்டோரம் (சின்னமனூர்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மெட்டுக்காற்று வேறொரு இழையில் அடுத்த பயணம் மேகமலை மண் தடங்கள் என்று எழுதியிருந்தார். அதனால் சொல்கிறேன். 2021 பிப்ரவரியிலிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சின்னமனூரிலிருந்து ஏறும் தார்ச்சாலை வேறு, அதிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகும் தடங்கள் வேறு. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி குற்றம். எல்லை தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம், அங்கும் அதே சட்டம்தான்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்று இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச், ஏப்ரலில் அந்தச் சரிவுப் புல் இடுப்பளவு உயரத்தில் காய்ந்து நிற்கும். அங்கே வண்டி கெட்டு நின்றால் எந்தப் பக்கம் ஓடுவது? செயின் லாக் கையில் இருந்து என்ன பயன்? ராமக்கல்மேடு போங்கள், தோட்டக்காரர் கூப்பிட்டால் தோட்டத்துக்குப் போங்கள். காட்டை விட்டுவிடுங்கள்.

மெட்டுக்காற்று (கம்பம்)

மேகமலைத் தடம் வேணாம், எடுத்துட்டேன். அது காப்பகத்துக்குள்ள வருதுன்னு யோசிக்காம எழுதினது என் தப்பு.

ஏலக்காட்டு வழி (உடும்பஞ்சோலை)

பன்னீர்த் திராட்சை தம்பி சொன்ன 'சாயங்காலம் அஞ்சு மணி'யைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவர் சொல்றதுல உண்மை இருக்கு.

ரெண்டு வருசம் முன்னாடி, ஆடி மாசம், எங்க தோட்டத்துக்குக் கீழ இருக்கிற ஓடையில ஒரு பையன் வண்டியோட விழுந்துட்டான். கல்லூரிப் பையன், கூட மூணு பேர். வண்டி ஒரு நிமிசம் முழுசாத் தண்ணிக்குள்ள, ஓடிக்கிட்டிருந்த இன்ஜின் அப்படியே அமந்துருச்சு. கரைக்கு இழுத்ததும் கட்டை விரல் செல்ஃப் பட்டனுக்குப் போகுது. நான் மேல இருந்து கத்தினேன், 'தொடாதே!'ன்னு. நல்லவேளை, தொடல.

இன்ஜின் காத்தை அமுக்கும், தண்ணியை அமுக்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கும்போது செல்ஃபை அடிச்சா பிஸ்டன் மேல வர இடம் இருக்காது, பிஸ்டனைத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அதுக்கப்புறம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இன்ஜினைப் பிரிச்சுத்தான் ஆகணும்.

பிளக் ஸ்பேனர் என் வண்டி சீட்டுக்கு அடியில எப்பவும் இருக்கும். பிளக்கைக் கழற்றினோம். வண்டியைச் சாய்ச்சு சைலன்சர்ல இருந்த தண்ணியை இறக்கினோம். அப்புறம் பிளக் ஓட்டையைத் திறந்து வச்சுக்கிட்டே செல்ஃபை அடிக்கச் சொன்னேன். பீச்சாங்குழல் மாதிரி ஒரு கோடு தண்ணி அடிச்சுது, எதிர்ல நின்னவன் சட்டை நனைஞ்சு போச்சு. நாலஞ்சு தடவை அடிச்சதும் வெறும் காத்து வந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து கவுத்துட்டு, ஃபில்டரை வெயில்ல வச்சோம். வெயில்னா அன்னிக்கு எங்க வெயில், அடுப்புகிட்ட வச்சோம். ஆயில் பார்க்கிற கண்ணாடியில பார்த்தேன், நிறம் மாறல. பால் ஊத்தின டீ மாதிரி வெளுத்திருந்தா ஆயில்ல தண்ணி சேர்ந்துருச்சுன்னு அர்த்தம், மாத்தாம எடுக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துல வண்டி கிளம்பிருச்சு.

மூணு கூட்டாளிக்கும் ஆளுக்கு ஒரு வண்டி, எல்லாம் என் ஸ்ப்ளெண்டரைவிட மூணு மடங்கு விலை. ஒருத்தர்கிட்டயும் பிளக் ஸ்பேனர் இல்ல. நான் அன்னிக்கு வேலை முடிஞ்சு அந்த வழியா வராம இருந்தா?

அதனால எனக்குத் தோணுறது, எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்னு வேணாம். ஒவ்வொரு கூட்டத்துலயும் ரெண்டு பேருக்காவது தெரியணும், எல்லார்கிட்டயும் சாமான் இருக்கணும்.

குமுளிச் சாரல் (குமுளி)

'தொடாதே' என்பதை நான் இன்றுதான் தெரிந்துகொண்டேன். என் கட்டை விரலும் நேராக அங்கேதான் போயிருக்கும்.

மெட்டுக்காற்று (கம்பம்)

ரெண்டு நாளா எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் படிச்சேன். என் விதியில இருந்த ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கிறேன், ஒரு பாதியை விடமாட்டேன்.

திரும்ப எடுத்துக்கிறது, தெரியாதவங்க வரக் கூடாதுங்கிறது. தங்கச்சி வண்டி நின்னதுக்கு அவங்களைக் காரணமா நினைச்சேன், எழுதினேன். அவங்க சந்தேகப்பட்டுக் கேட்டிருக்காங்க, பதில் கிடைக்கல. அன்னிக்கு மலையில நானே பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன், செயினை நானே இறுக்கினேன். எப்படி இறுக்கினேன்னு இப்ப நினைச்சுப் பார்க்கிறேன். சைடு ஸ்டாண்டுல வச்சு, ஆள் இல்லாம, என் பழைய வண்டிக் கணக்குல. அதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். தங்கச்சி, அந்த வண்டியை நாளைக்கு வேலைக்கு எடுக்கும்போது மெதுவா எடும்மா, முனகல் இருந்தா எடுக்கவே வேணாம்.

விடாதது, கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்கிறது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வண்டியைச் சுத்தி வந்து பார்க்கணும், இன்னொருத்தர் அதே வண்டியைத் திரும்பப் பார்க்கணும். செயின், லாக் திசை, ஸ்போக் கம்பியை ஸ்பேனரால தட்டிச் சத்தம், பிரேக் கட்டை, ஆயில் நிறம். அவங்கவங்க செயின் அளவுக்கு ரெண்டு மாத்து லாக், அவங்க ஆக்ஸில் நட்டுக்கு ஸ்பேனர், பிளக் ஸ்பேனர். 428 செயின் லாக்கை 520 செயின்ல போட முடியாது, அதனால 'அவர்கிட்ட இருக்கும்'னு யாரும் வரக் கூடாது. இது இல்லாம வந்தா நான் கூட்டிப்போக மாட்டேன், அதுல மாத்தம் இல்ல.

பதினேழாம் வளைவு (போடி)

இது சரி. ஆனா பிரேக் ஆயிலைப் பத்தி எழுதலயே?

மெட்டுக்காற்று (கம்பம்)

பிரேக் கட்டையைக் கண்ணால பார்க்கிறதோட நிறுத்திக்கிறோம் அண்ணே.

பன்னீர்த் திராட்சை (உத்தமபாளையம்)

நான் நிறுத்தல. கத்துக்கத்தான் போறேன். அண்ணே பக்கத்துல நிக்கிறதா இருந்தா போடிக்கே வர்றேன்.

பதினேழாம் வளைவு (போடி)

வாங்க. ஞாயிறு மட்டும் வேணாம், பட்டறை லீவு. செவ்வாய் மத்தியானம் கூட்டம் இருக்காது. புதுப் பாட்டிலை அங்க வந்து திறங்க.

தங்கச்சி, உனக்கும் சொல்றேன். உன் தெருவுல ஆயில் சொட்டக் கூடாதுன்னா செயின் வேலையை ஒரு சொட்டு கீழ விழாமலே பண்ணிடலாம். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் பின்சக்கரத்துக்கு அடியில விரி. மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடை, பெட்ரோல் வேணாம், கம்பி பிரஷ்ஷும் வேணாம், ரெண்டும் செயினுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையத்தைத் தின்னுடும். அப்புறம் உள்பக்கமா கியர் ஆயில் ஒரு கோடு, மிச்சத்தைத் துடைச்சுடு. பத்து நிமிச வேலை, தெரு விளக்கு போதும்.

ஏலக்காட்டு வழி (உடும்பஞ்சோலை)

மெட்டுக்காற்று தம்பி, மண்வெட்டியோட வர்றேன்னு எழுதினீங்க. நெசமாத்தானா? தோட்டக்காரர்கிட்ட நான் பேசிட்டேன். மழை ரெண்டு நாள் விட்டா அந்த ஏத்தத்துல கல் பரப்பலாம்னு சொன்னார். கல் அங்கேயே இருக்கு, சுமக்க ஆள்தான் வேணும்.

மெட்டுக்காற்று (கம்பம்)

நெசம்தான். ஆறு பேரும் வர்றோம். ஞாயிறு காலையில ஆறு மணிக்குக் கம்பம் மெட்டு செக்போஸ்ட்கிட்ட சேர்றோம். வண்டியை மேல தார் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து இறங்குறோம்.

குமுளிச் சாரல் (குமுளி)

நான் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறேன். வண்டி தெருவிலேயே நிற்கிறது. நேற்று இரவு கடை அடைத்ததும் பக்கத்து வீட்டு அக்காவையும் அவர் பையனையும் பின் சீட்டில் உட்காரச் சொல்லி, குனிந்து செயினைத் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. ஆக்ஸில் நட்டுக்கு எத்தனை நம்பர் ஸ்பேனர் என்று பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கூடலூர்ச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் இருக்கிறதாம், சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுவேன்.